முன்பேர வியாபாரமும் காவிரிப் பாசன நெல்லும்

நெல்லுக்கு முன்பேர வியாபாரம் வேண்டுமா, வேண்டாவா என்ற கேள்வி சில ஆண்டுகளாகத் தலைநகரங்களில் அடிபட்டு வருகிறது. 2021 டிசம்பரில், செபி எனப்படும் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம், பாசுமதி அல்லாத நெல், கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, கச்சாப் பாமாயில், பாசிப்பயறு ஆகிய ஏழு சரக்குகளில் முன்பேர வியாபாரத்தை நிறுத்தி வைத்தது. ஓராண்டுக்கென்று பிறந்த அந்தத் தடை மேலும் மேலும் நீட்டிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் வந்த ஆணையால் 2026 மார்ச் 31 வரை கொண்டுபோகப்பட்டது. ஒவ்வொரு முறை தவணை முடிய வரும்போதும் இரண்டு குரல்கள் எழுந்தன. சந்தை நடத்துவோரும் பெருவணிகரும், தடையை நீக்கினால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்றார்கள். மற்றவர்கள், இது சூதாட்டம், என்றைக்குமே கூடாது என்றார்கள். விவசாயியின் பெயரைச் சொல்லியே இரு தரப்பும் வாதாடின. தஞ்சையிலும் திருவாரூரிலும் நாகையிலும் மயிலாடுதுறையிலும் நெல்லை விளைவிப்பவனை அழைத்து, உன் கருத்து யாது என்று கேட்டவர் அதிகம் இல்லை. கேட்டால் சொல்ல நமக்கும் ஒரு கருத்து இருக்க வேண்டுமல்லவா? அதற்காகவே இக்கட்டுரை.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். முன்பேரம் என்பது நமக்குப் புதியதன்று. பயிர் கதிர் விடும்போதே வியாபாரி வந்து முன்பணம் கொடுத்து, அறுவடையானதும் இன்ன விலைக்கு இத்தனை மூட்டை என்று பேசி முடிப்பதை நம் பாட்டனார் காலத்திலிருந்தே கண்டு வருகிறோம். அது இருவருக்கிடையே நடக்கும் வாய்ப்பேச்சு. இன்னாருடைய நெல், இன்ன வயலின் நெல் என்பது இருவருக்கும் தெரியும். சந்தையில் நடக்கும் முன்பேர வியாபாரம் இதினின்று வேறுபட்டது. அங்கே விற்பவனுக்கு வாங்குபவன் யாரென்று தெரியாது. தரம், எடை, ஒப்படைக்கும் கிடங்கு, மாதம் எல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். விலை ஒன்றுதான் பேசப்படும். தவணை வருமுன் ஒப்பந்தத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் கை மாற்றலாம். ஒரு பிடி நெல்லைக் கண்ணால் காணாதவனும் ஆயிரம் டன் நெல்லை விற்கலாம், வாங்கலாம், விலை வித்தியாசத்தை மட்டும் கணக்குத் தீர்த்துக்கொண்டு போய்விடலாம். வாய்தா வியாபாரம் என்று பழையவர்கள் சொன்னது இதைத்தான்.

உலகில் இத்தகைய சந்தை முதன்முதலில் ஒழுங்காக அமைந்ததே நம் பயிரான அரிசிக்குத்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஜப்பான் தேசத்து ஒசாகா நகரில் தோஜிமா என்னுமிடத்தில் நடந்துவந்த அரிசி வியாபாரத்துக்கு 1730-இல் ஷோகுன் யோஷிமுனே அதிகாரபூர்வமான அனுமதி தந்தார். அந்நாளில் அங்கே பிரபுக்களின் வரி வருமானமும் போர்வீரர்களின் சம்பளமும் அரிசியாகவே இருந்தன. அரிசி விலை விழுந்தால் அவர்கள் வருமானம் விழும். ஆகவே விலையைத் தாங்கிப் பிடிக்க ஒரு வழியாக அச்சந்தைக்கு இசைவு தரப்பட்டது. கவனியுங்கள். அரிசியைச் சம்பளமாக வாங்குபவனுக்காகத் திறந்த சந்தை அது. சேற்றில் இறங்கி நட்டவனை மனத்தில் கொண்டு திறந்ததன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும், எந்த முன்பேரச் சந்தையைப் பற்றிப் பேசும்போதும், இது யாருடைய நெல்லுக்காகத் திறக்கப்படுகிறது என்று கேட்பது வீணான கேள்வியாகாது.

நம் நாட்டில் பம்பாயில் 1875-இல் பருத்தி வியாபாரச் சங்கம் தொடங்கியபோது இவ்வியாபாரம் ஒழுங்கு பெற்றது. யுத்த காலத்தில், 1943-இல், உணவு தானியம் முதலிய பல சரக்குகளில் தடை செய்யப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1952-இல் முன்பேர ஒப்பந்த ஒழுங்குச் சட்டம் வந்தது. 1953-இல் அதற்கென ஒரு கமிஷனும் ஏற்பட்டது. அறுபதுகளின் பஞ்ச காலத்தில் மீண்டும் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 2003-இல் நாடு முழுவதற்குமான மின்னணுச் சந்தைகள் வந்து பெரும்பாலான சரக்குகளுக்கும் கதவு திறந்தது. நான்கே ஆண்டுகளில், 2007 தொடக்கத்தில், துவரை, உளுந்து, அரிசி, கோதுமை ஆகியவற்றுக்கு மறுபடியும் மூடியது. விலையேற்றத்துக்கு முன்பேர வியாபாரந்தான் காரணமா என்று ஆராய அபிஜித் சென் தலைமையில் ஒரு குழு அமைந்து 2008-இல் அறிக்கை தந்தது. காரணம் என்றும் அன்று என்றும் உறுதியாகக் கூற ஆதாரம் போதவில்லை என்பதே அக்குழு கண்டது. 2015-இல் பழைய கமிஷன் செபியோடு இணைக்கப்பட்டது. திறப்பதும் மூடுவதுமாகவே எண்பது ஆண்டுகள் சென்றுவிட்டன. விலை ஏறும்போது மூடுகிறார்கள், இறங்கியபின் திறக்கிறார்கள். நுகர்வோரை எண்ணியே இரண்டும் நடக்கின்றன என்று கூறினால் அது மிகையாகாது.

இனி, நமக்கு முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இவ்வியாபாரம் விலையை ஏற்றுமா, இறக்குமா என்றே எல்லாரும் கேட்கிறார்கள். உற்பத்தியாளர்களுக்குள் நடக்கும் போட்டியை இது என்ன செய்யும் என்று கேட்போர் அரியர். கூட்டுறவாளர்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இதைப் பற்றி அல்லாஸ், விலா என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 1993-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணக்கு நிறைந்த ஆய்வு. அதன் சாரத்தை நம் பக்கத்து உதாரணத்தால் விளக்கலாம். வேதாரண்யத்தில் உப்பு விளைவிப்போர் இருவர் மட்டுமே இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உப்பை அதிகமாகச் சந்தைக்கு அனுப்பினால் விலை விழும். அந்த வீழ்ச்சி தன் எல்லா மூட்டைகளையும் தாக்கும் என்பதால் இருவரும் அடக்கியே அனுப்புவார்கள். இப்போது முன்பேரச் சந்தை ஒன்று வருகிறது. முதலாமவர் தம் உப்பில் பாதியை முன்கூட்டியே விலை பேசி விற்றுவிடுகிறார். அந்தப் பாதிக்கு விலை உறுதியாகிவிட்டது. பின்னால் விலை விழுந்தாலும் அது மீதிப் பாதியைத்தான் தொடும். ஆகவே அவருக்குத் துணிவு வந்து, முன்னைவிட அதிகம் அனுப்புவார். இதை அறிந்த இரண்டாமவர் தம் சரக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டியவராகிறார். முந்திக்கொண்டவருக்கு லாபம். ஆனால் இரண்டாமவர் மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் முந்தப் பார்ப்பார். இருவரும் முன்பேரம் பேசி இருவரும் அதிகம் அனுப்பி, முடிவில் விலை விழுந்து, முன்பேரம் என்ற ஒன்றே இல்லாதிருந்த நாளைவிட இருவரும் குறைவாகவே சம்பாதிப்பார்கள். உப்பு வாங்கும் குடும்பத்துக்கு நன்மை. விளைவித்தவருக்கு இல்லை.

இதற்கு நேர்மாறான முடிவையும் கண்டவர்கள் உண்டு. மஹென்க், சலானியே என்ற இருவர் 2004-இல் எழுதியதன்படி, விலையை நிர்ணயித்து விற்கும் சில பெரிய உற்பத்தியாளர்கள், தங்கள் சரக்கைத் தாங்களே முன்பேரத்தில் வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு விலையை உயர்த்துவதில் அவர்களுக்கே அக்கறை பிறக்கும். போட்டி தளரும், விலை ஏறும், வாங்குவோர் தலையில் விடியும். ஆகவே முன்பேர வியாபாரம் போட்டியைக் கூர்மையாக்கும் என்றோ மழுக்கிவிடும் என்றோ பொதுவாகச் சொல்ல முடியாது. யார் விற்கிறார், யார் வாங்குகிறார், எத்தனை பேர், எத்தனை பெரியவர் என்பதைப் பொறுத்தது அது.

நாம் யார்? இரண்டு ஏக்கரும் மூன்று ஏக்கரும் சாகுபடி செய்யும் லட்சக்கணக்கானோர். நம்மில் ஒருவர் பத்து மூட்டை கூட்டியோ குறைத்தோ அனுப்பினால் விலை அசையாது. ஆகவே மேலே சொன்ன உப்பு முதலாளிகளின் கணக்கு நமக்குத் தனித்தனியே பொருந்தாது. அடுத்த வயல்காரன் விலையைக் குறைத்து என் நெல்லை விலைபோகாமல் செய்துவிட்டான் என்று எந்த விவசாயியும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் நமக்குள் போட்டியே இல்லையா என்றால், உண்டு. அது விலையில் நடப்பதன்று, காலத்தில் நடப்பது. யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்பதுதான் நம் போட்டி.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடுகிறோம். அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் விழுகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதே வருகிறது. நெல் ஈரமாக இருக்கும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மழை ஆண்டுகளில் தளர்வு கேட்டுச் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போக வேண்டும். குழு வந்து பார்க்க வேண்டும். அதற்குள் மூட்டையில் நெல் முளை கட்டிவிடும். அறுவடை இயந்திரத்து வாடகை, உரக்கடைப் பாக்கி, தாளடி நடவுக்கூலி எல்லாம் அதே வாரத்தில் வாசலில் நிற்கும். களமும் கிடங்கும் உள்ளவர் காய வைத்து, அடுக்கி வைத்து, தை மாசி வரையிலும் பொறுத்திருந்து விற்கிறார். இல்லாதவர் சாலையோரத்தில் குவித்துத் தார்ப்பாய் போர்த்திவிட்டு, வந்த வியாபாரியிடம் சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார். இருவரும் ஒரே வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சியவர்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஒரே ரகத்தை விதைத்தவர்கள்.

இந்த நிலையில் நெல்லுக்கு முன்பேரச் சந்தை திறந்தால் என்ன ஆகும்? அச்சந்தையில் பின்மாதத்து விலை இன்றைய விலையைவிட ஓரளவு மேலே நிற்பது வழக்கம். கிடங்கு வாடகையும் வட்டியும் அந்த வித்தியாசத்தில் அடங்கும். காத்திருக்க முடிந்தவர், இன்று நெல்லைக் கிடங்கில் வைத்து, அதே நாளில் தை மாதத்துக்கு விற்று, வித்தியாசத்தைச் சந்தேகமில்லாமல் எடுத்துக்கொள்வார். முன்பு அவர் காத்திருந்தபோது விலை விழுந்துவிடுமோ என்ற பயமாவது இருந்தது. இனி அதுவும் இல்லை. காத்திருக்க முடியாதவருக்கோ எந்த மாறுதலும் இல்லை. ஆக, முன்பேரச் சந்தை உற்பத்தியாளர் எல்லாரையும் சமமாகத் தூக்கிவிடுவதில்லை. ஏற்கெனவே மேட்டில் நிற்பவரை இன்னும் ஒரு படி மேலே ஏற்றுகிறது. இதை வஞ்சகம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த யந்திரம் வேலை செய்யும் விதம் அப்படி.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிறிய விவசாயிக்கு அச்சந்தையின் வாசற்படியே எட்டாது என்று பலர் பேசுகிறார்கள். அளவைப் பார்த்தால் அப்படியொன்றும் எட்டாத உயரம் இல்லை. வேளாண் சரக்குகளில் ஓர் ஒப்பந்தத்தின் அளவு பெரும்பாலும் 5 டன் அல்லது 10 டன். பத்து டன் நெல் என்பது நாற்பது கிலோ சிப்பத்தில் 250 சிப்பம். நல்ல மகசூலில் நாலைந்து ஏக்கர் விளைச்சல். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வந்துவிடும். தடை வேறிடத்தில் இருக்கிறது. ஒன்று தரம். ஏ.டி.டி. 43-ம் சி.ஆர். 1009-ம் ஒரே நெல் என்று எந்த ஆலைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்பந்தத்தில் எழுதிய தரம் நம் வயலில் இல்லாவிட்டால் அந்தப் பலகையில் தெரியும் விலை நம் நெல்லின் விலையன்று. அதைவிடப் பெரிய தடை ரொக்கம்.

அந்த ரொக்கத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர் பலருக்கு இது தெரியாது. ஒரு சங்கம் தன் உறுப்பினருடைய நெல்லில் 100 டன்னைக் குவிண்டால் 2,500 ரூபாய் என்று முன்பேரத்தில் விற்றதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே ஈட்டுப் பணம் கட்ட வேண்டும். பயிர் இன்னும் தண்டு உருளும் பருவத்தில் இருக்கிறது. விலை 200 ரூபாய் ஏறுகிறது. வயலில் இருக்கும் நெல்லுக்கு மதிப்பு ஏறியது உண்மை, சங்கத்துக்கு உண்மையில் நஷ்டம் இல்லை. ஆனால் சந்தை அந்த வித்தியாசம் 2 லட்சம் ரூபாயை உடனே ரொக்கமாகக் கட்டச் சொல்லும். தினந்தோறும் கணக்குத் தீர்க்கும் முறை அது. கட்டத் தவறினால் ஒப்பந்தத்தை அவர்களே முடித்துவிடுவார்கள். அப்போது நஷ்டம் நிஜமாகிவிடும். அறுவடை வரை பொறுங்கள், நெல்லாகத் தருகிறோம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. கைநிறையப் பணம் வைத்திருப்பவனுக்கு இது ஒரு பொருட்டன்று. நமக்கோ நல்ல விலை வந்ததே ஆபத்தாக முடியும்.

நெல்லைப் பொறுத்தவரை இன்னொரு உண்மையும் உண்டு. நம் வட்டாரத்தில் பெரும்பகுதி நெல்லை நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் வழியே எடுத்துக்கொள்கிறது. 2025-26 பருவத்துக்கு, மத்திய அரசின் ஆதரவு விலையோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாயும் பொது ரகத்துக்கு 2,500 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. வெளியில் விலை விழுந்தால் இங்கே விற்கலாம், ஏறினால் வெளியில் விற்கலாம். முன்பேரச் சந்தைகளில் இத்தகைய உரிமை ஒன்றைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். நமக்கோ அரசாங்கம் கட்டணமின்றித் தந்திருக்கிறது. ஆகவே ஈரம் உலர்ந்து, தாமதமின்றிக் கொள்முதல் நிலையத்தில் எடை போடப் பெறும் விவசாயிக்கு நெல் முன்பேரத்தால் கிட்டும் புதிய பயன் சொற்பமே. எடை போடப் பெறாதவர் யார்? வரிசையில் நின்று நனைந்தவர், சிட்டா அடங்கலைத் தம் பெயரில் காட்ட முடியாத குத்தகைதாரர். அவருக்குத் தேவைப்படுவது உலர்களமும், கூரையும், ஒரு சான்றிதழும். மும்பையில் ஒரு விலைப்பலகையால் அவர் நெல் உலராது.

நெல்லைப் பற்றி இத்தனை சொன்னது போதும். நெசவாளர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடக் கூடாது. அவர்களுக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். பருத்தியில் முன்பேர வியாபாரம் நடந்துதான் வருகிறது. 2021 தொடக்கத்தில் கண்டி ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்த பருத்தி, 2022 மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையும் கூடவே ஏறியது. திருப்பூரில் வேலைநிறுத்தம் நடந்தது. விசைத்தறியும் கைத்தறியும் தத்தளித்தன. முன்பேர வியாபாரத்திலிருந்து பருத்தியை நீக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு நூற்பாலையினரே கோரினார்கள். அதே காலத்தில் உலகச் சந்தையிலும் பருத்தி பல்லாண்டு காணாத உச்சத்தில் இருந்தது என்பதையும், நம் நாட்டு விளைச்சல் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது என்பதையும் மறைக்கலாகாது. எல்லாப் பழியையும் யூக வியாபாரிமேல் போட்டால் நமக்கு ஆறுதல் கிடைக்கும், நூல் கிடைக்காது. அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு இறக்குமதித் தீர்வையை நீக்கியது. ஆகஸ்டு இறுதியில் புதிய மாதங்களுக்கான முன்பேர ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. 2023 பிப்ரவரியில் விதிகளை மாற்றி மீண்டும் தொடங்கினார்கள்.

மாற்றிய விதிகளைப் பாருங்கள். ஓர் ஒப்பந்தத்தின் அளவு 48 கண்டி. ஒரு கண்டி 356 கிலோ என்பது நெசவாளர் அறிந்ததே. ஆக, ஏறத்தாழ 17 டன் பஞ்சு. கொட்டையோடு கூடிய பருத்தியாகக் கணக்கிட்டால் அதைப்போல் மூன்று மடங்கு, சுமார் 50 டன். நம் பக்கத்தில் தாளடி அறுத்த வயலில் கோடையில் பருத்தி போடுகிறோம். கும்பகோணம், பாபநாசம், செம்பனார்கோயில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மறைமுக ஏலத்துக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டு வருகிறோம். ஏக்கருக்கு எட்டுப் பத்துக் குவிண்டால் எடுப்பவர், ஒப்பந்தம் ஒன்றுக்குக் குறைந்தது ஐம்பது ஏக்கர் சேர்க்க வேண்டும். அதிலும் விலை கூறப்படுவது குஜராத்தின் இராஜ்கோட் கிடங்கு நிலவரப்படி. இந்தச் சந்தையில் பெரிய ஆலை ஆறு மாதத்துப் பஞ்சின் விலையை இன்றே உறுதி செய்துகொள்ள முடியும், அதைக் கொண்டு துணிக்கு விலை கூறி ஆர்டர் பிடிக்க முடியும். கைத்தறிச் சங்கம் வாரந்தோறும் சிட்டம் வாங்கும் விலையில் தத்தளித்துக்கொண்டே, அதே துணிக்கடையில் அதே ஆலையோடு போட்டியிட வேண்டும். போட்டியின் விதி எழுத்தில் மாறவில்லை. ஆனால் ஒருவன் குடையோடும் ஒருவன் குடையில்லாமலும் மழையில் ஓடுகிறார்கள்.

விளைவிப்பவனே விளைவிப்பவனைக் கவிழ்த்த கதை ஒன்றும் இங்கே சொல்லத் தகுந்தது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் வெங்காயத்துக்கு முன்பேரச் சந்தை நடந்துவந்தது. வின்சென்ட் கொசூகா என்பவர் நியூயார்க் மாகாணத்தில் வெங்காயம் பயிரிடுபவர். சாம் சீகல் என்ற வியாபாரியோடு சேர்ந்து 1955-இல் சிகாகோவில் இருந்த வெங்காயம் ஏறத்தாழ முழுவதையும் வாங்கிக் குவித்தார். பிறகு மற்ற விவசாயிகளை அழைத்து, நீங்கள் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளாவிட்டால் எல்லாவற்றையும் சந்தையில் கொட்டிவிடுவோம் என்றார்கள். பயந்து வாங்கினார்கள். ஆனால் அவ்விருவரும் அதற்குள் விலை விழும் என்ற பக்கத்தில் பெரிய அளவுக்கு முன்பேரம் பேசி வைத்திருந்தார்கள். பழைய வெங்காயத்தை வெளியூருக்கு அனுப்பி, சுத்தம் செய்து, புதுச் சாக்கில் கட்டி மறுபடி கொண்டுவந்தார்கள். வண்டி வண்டியாக வெங்காயம் வருவதைக் கண்டு சந்தை நடுங்கியது. 1955 ஆகஸ்டில் 50 பவுண்டு மூட்டை 2 டாலர் 75 சென்ட்டுக்கு விற்றது. 1956 மார்ச்சில் 10 சென்ட். வெறுஞ்சாக்கின் விலை அதைவிட அதிகம். நாடெங்கும் வெங்காய விவசாயிகள் முறையிட்டதன்பேரில் 1958-இல் வெங்காய முன்பேரத்தை அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டம் போட்டுத் தடுத்தது. மற்ற தானியங்களுக்குச் சந்தை அங்கே இன்றும் உண்டு, வெங்காயத்துக்கு இல்லை. அழுகும் பொருளுக்கு, கையிருப்புக் குறைவாக உள்ள பொருளுக்கு, ஒரு சில பெருங்கைகள் சந்தையை வளைப்பது எளிது என்பதை அங்கே பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நம் ஈரோட்டு மஞ்சளையும் நினைத்துப் பார்க்கலாம். 2010-இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போன மஞ்சள், 2012-இல் 5,000-க்கும் கீழே வந்தது. உச்ச விலையைப் பலகையில் பார்த்த ஒவ்வொருவரும் தாம் மட்டும் பார்த்ததாக எண்ணி நடவு செய்தார்கள். பத்து மாதப் பயிர் களத்துக்கு வந்தபோது எல்லாருடைய மஞ்சளும் ஒன்றாக வந்து நின்றது. விலைப்பலகை பொய் சொல்லவில்லை. அது அன்றைய நிலையையும் அடுத்த சில மாதங்களையும் சொன்னது. இன்று நடுவது விற்கப்படும் நாளின் விலையை அது சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டதில் வந்த வினை அது.

இவற்றையெல்லாம் பார்த்தபின் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நெல் முன்பேரத்தை என்றென்றைக்கும் மூட வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. கொள்முதல் விலை என்ற கூரை நாளை எந்தக் காரணத்தாலோ தளர்ந்தால், முன்கூட்டி விலை பேசும் ஒரு வழி நமக்கும் தேவைப்படலாம். ஆனால் இன்றுள்ள நிலையில், நம் ரகங்களுக்கேற்ற தரப்பட்டியலும், டெல்டாவுக்குள்ளேயே ஒப்படைப்புக் கிடங்கும், சங்கங்களின் ஈட்டுப் பணத்துக்கு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் தனிக் கடனும் இல்லாமல் அதைத் திறப்பது, காத்திருக்க முடிந்தவருக்குக் கொடுக்கும் பரிசேயாகும். திறக்க வேண்டும் என்று கேட்போர் இம்மூன்றையும் சேர்த்துக் கேட்டால் அவர்களோடு நிற்கலாம்.

அப்படித் திறந்த பின்னும் நமக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். முன்னே சொன்ன உப்பு முதலாளிகளின் கணக்கு தனி விவசாயிக்குப் பொருந்தாது என்றேன். சங்கங்களுக்குப் பொருந்தும். மன்னார்குடிச் சங்கம் ஒரு விலைக்கும், அதை முந்திக்கொள்ள நினைத்துப் பட்டுக்கோட்டைச் சங்கம் ஒரு விலைக்கும் முன்பேரம் பேசப் புறப்பட்டால், இருவருமாக விலையை அமுக்கி ஆலைக்காரருக்குத் தாரை வார்ப்போம். ஆகவே விற்பது எதுவாயினும் ஓர் இணையத்தின் வழியே, ஒரே கையால் விற்க வேண்டும். அடுத்தது, உறுப்பினர் வயலில் உள்ள நெல்லுக்கு மேல் ஒரு மூட்டையும் விற்கலாகாது. விளைச்சலில் பாதிக்கு மேல் முன்பேரம் பேசாமலிருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் காவிரியின் தண்ணீரும் ஐப்பசியின் மழையும் நம்மோடு எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை. விலை ஏறும்போல் இருக்கிறது என்று சங்கத்தின் பெயரால் வாங்கி வைக்க யாரேனும் இயக்குநர் யோசனை கூறினால், அந்த யோசனையை நடவடிக்கைக் குறிப்பில் அவர் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். எழுதப்படும் என்று தெரிந்தாலே பாதி யோசனைகள் வாய்க்குள்ளேயே தங்கிவிடும்.

நெசவாளர் சங்கங்களுக்கும் இதே வழிதான், திசை மட்டும் மாறும். அவர்கள் வாங்குபவர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எத்தனை சிட்டம் நூல் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். பத்துச் சங்கங்கள் தேவையை ஒன்றாகத் திரட்டி, கூட்டுறவு நூற்பாலையோடு நேரடியாக ஆறு மாதத்துக்கு விலை பேசிக்கொண்டால், அதுவும் முன்பேரந்தான். அதற்கு மும்பையில் உறுப்பினராக வேண்டியதில்லை, தினமும் ஈட்டுப் பணம் கட்ட வேண்டியதும் இல்லை. நம் கோடைப் பருத்தியை ஆலைக்கு விற்கும் விவசாயச் சங்கமும் அந்தப் பேச்சில் மூன்றாவது ஆளாக உட்காரலாம். ஒரே வட்டாரத்தில் பருத்தி விளைகிறது, தறியும் ஓடுகிறது. இடையில் அது இராஜ்கோட் விலையைச் சுற்றிக்கொண்டு வருவானேன்?

இதற்கெல்லாம் முதல் தேவை ஒரு கணக்கு. எந்தச் சங்கத்திடமும் தன் உறுப்பினர் இந்தப் பருவத்தில் எந்த ரகத்தை எத்தனை மாவில் நட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் முழுமையாக இருப்பதாகத் தெரியவில்லை. கடன் பதிவேட்டில் இருப்பது கடனுக்கான கணக்கு. அதில் குத்தகைதாரர் பலர் பெயர் இல்லை. நாற்று விடும்போதே ஒவ்வொரு உறுப்பினரும் நட்ட பரப்பையும், ரகத்தையும், வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் எடுத்து வைப்பது போக விற்பனைக்கு வரக்கூடிய மூட்டைகளையும், தம்மிடம் உலர்களம் உண்டா இல்லையா என்பதையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுக்கலாம். அடுத்த மகாசபையில் அந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்து, உலர்களம் இல்லாதவர்களின் மூட்டைகள் மொத்தம் எத்தனை என்ற ஒரு எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கிடங்குக்கும் களத்துக்கும் எவ்வளவு கடன் கேட்பது என்ற பேச்சைத் தொடங்கலாம்.